ஈகோர்ட்ஸ் செயலியும் கேஸ் டைரியும்: சிறு வக்கீல் ஆபீசில் வருடக்கணக்கில் பயன்படுத்திய பிறகு

இரண்டு வக்கீல், ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா, நடப்பில் முந்நூறு கட்டு (வழக்குக் கோப்பு). இந்த அளவுள்ள ஆபீசை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறோம். வழக்கின் நிலையையும் தேதியையும் போனில் காட்டும் ஈகோர்ட்ஸ் செயலி வந்த பிறகு, விசாரணைத் தேதிகளை எழுதி வைக்கும் டைரி தேவையா என்று புதிதாக ஆபீஸ் போடும் தம்பிகள் கேட்கிறார்கள். தேவைதான். ஆனால் டைரி மட்டும் போதும் என்ற சீனியர்களின் பேச்சும் சரியில்லை. டைரி தவறவிடுவதைச் செயலி பிடிக்கும். செயலி தவறவிடுவதை டைரி பிடிக்கும். இரண்டும் சேர்ந்தே தவறவிடும் ஒன்று இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறோம்.

டைரியின் பலவீனம் இது. வாய்தா தேதியை அடுத்த பக்கத்துக்கு எடுத்துப் போகும் வரைதான் அதில் வழக்கு உயிரோடு இருக்கும். ஒருநாள் கோர்ட் ஹாலில் கூட்டம், நீதிபதி விடுப்பு, தேதி பிறகு சொல்வார்கள் என்று வந்துவிட்டோம். அந்தப் பக்கத்தைப் புரட்டியதோடு கட்டு மறைந்துவிடுகிறது. மூன்று மாதம் கழித்துக் கட்சிக்காரர் வந்து கேட்கும்போது செட் எக்ஸ்பார்ட்டி (ஆஜராகாததால் ஒருதலைப்பட்ச விசாரணை) ஆகியிருக்கும். இதற்குச் செயலிதான் மருந்து. ‘என் வழக்குகள்’ பட்டியலில் சேர்த்துவிட்டால், தேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழக்கு அங்கேயே நிற்கும். தேதி போடாமல் நிற்பவற்றைத் தனியே பார்க்கவும் வழி உண்டு. இந்த ஒரு வசதிக்காகவே செயலியை வைத்துக்கொள்ளலாம்.

சேர்க்கும்போது ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைக் கொண்டு சேர்ப்பதே நல்லது. அது 16 இடங்கள் கொண்ட எண்: மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் நான்கு எழுத்து, நீதிமன்ற வளாகத்துக்கு இரண்டு இலக்கம், வரிசைக்கு ஆறு, ஆண்டுக்கு நான்கு. கட்டின் மேலட்டையில் ஓ.எஸ். (அசல் வழக்கு) எண்ணுக்குக் கீழே பெரிதாக எழுதி வையுங்கள். கட்சிக்காரர் பெயரை வைத்துத் தேடுவது நம்பகமில்லை. மூர்த்தி என்ற பெயரையே ஆங்கிலத்தில் ஒரு கோர்ட்டில் ‘டி’ மட்டும் போட்டுப் பதிவார்கள், இன்னொரு கோர்ட்டில் ‘ஹெச்’ சேர்ப்பார்கள். பார் கவுன்சில் பதிவு எண்ணை வைத்துத் தேடினால் வேகமாக வரும், ஆனால் முழுப் பட்டியல் வராது. பிரதிவாதி தரப்பில் நாம் போட்ட வக்காலத்தை அலுவலகத்தில் கணினியில் ஏற்றாமல் விட்டிருந்தால் அந்த வழக்கு நம் பெயரில் தெரியாது. வக்காலத்து போட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்து, பெயர் ஏறவில்லை என்றால் நேரில் போய் ஏற்றச் சொல்ல வேண்டும்.

செயலியின் குறைகளில் முதலாவது, பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தாவிட்டால் போன முறை பார்த்த தேதியையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது, பட்டியல் போனுக்குள் இருக்கிறது. போன் கெட்டாலோ செயலியை நீக்கினாலோ அத்தனையும் போகும். ஏற்றுமதி செய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் கோப்பாக எடுத்து ஆபீஸ் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்தால், அதே கோப்பை ஜூனியரின் போனிலும் குமாஸ்தாவின் போனிலும் இறக்குமதி செய்துகொள்ளலாம். மூன்று போனிலும் ஒரே பட்டியல் இருப்பது சிறு ஆபீசுக்குப் பெரிய பலம்.

மூன்றாவது குறை ஆபத்தானது. செயலியில் தெரியும் தேதி, ஒருவர் தட்டச்சு செய்த தேதி. பதிவு தாமதமாகலாம், 12 என்பது 21 ஆகலாம். அதனால் கோர்ட் ஹாலில் காதால் கேட்ட தேதியை அங்கேயே டைரியில் எழுதி, மாலை ஆறு மணிக்குமேல் செயலியைப் புதுப்பித்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுநாள் காலை கோர்ட் உட்காருவதற்கு முன் பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டுவிடுங்கள். எது சரி என்று ஆபீசில் உட்கார்ந்து ஊகிக்கக் கூடாது. வழக்கு வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டால் எண்ணும் மாறும். பழைய பதிவு முடிந்ததுபோலவோ நகராமலோ நிற்கும். புது எண்ணைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது குமாஸ்தா வேலை அல்ல, வக்கீல் வேலை.

சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி அலமாரியில் உள்ள கட்டுகளை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையும் செயலிப் பட்டியலும் ஒத்துப்போக வேண்டும். செயலியில் ஒன்றிரண்டு குறைந்தால், தாக்கல் செய்தும் கோர்ட்டில் இன்னும் எண் ஆகாமல் கிடக்கும் பேப்பராக இருக்கும். குறை சொல்லித் திருப்பிக் கொடுத்த (ரிட்டர்ன் ஆன) மனுக்களைச் செயலியை நம்பி விட்டுவிடக் கூடாது. தனி நோட்டில் ரிட்டர்ன் தேதி, கொடுத்த அவகாசம், குறை என்ன என்று எழுதுங்கள். அவகாசம் தாண்டினால் ரீபிரசண்ட் (திரும்பத் தாக்கல்) செய்வதற்கே தாமத மன்னிப்பு மனு போட வேண்டி வரும்.

பண விஷயத்தில் செயலி உதவாது. பார் கவுன்சில் விதிகள் 25, 26 படி, கட்சிக்காரர் கொடுத்த பணம் பீஸா, செலவுக்கா என்று கணக்கில் தேதியோடு எழுத வேண்டும். செலவுக்கு வந்ததை வழக்கு நடக்கும்போது பீஸில் கழிக்க அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். தமிழ்நாட்டில் 2017 முதல் பண வழக்குகளுக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். 10 லட்சம் கேட்டுப் போடும் வழக்கில் 30,000 ரூபாய் கட்டணத்துக்கே போகிறது. அதைப் பீஸோடு ஒரே ரசீதில் வாங்கினால் பின்னால் மனக்கசப்பு நிச்சயம். இரண்டு ரசீதுப் புத்தகம் வையுங்கள், வேறு வேறு நிறத்தில்.

இனி, இரண்டும் தவறவிடும் அந்த ஒன்று: கெடு. நீதிமன்றம் போட்ட தேதிதான் செயலியில் வரும். சட்டம் போட்ட தேதி வராது. அதை யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுதினால்தான் டைரியிலும் இருக்கும். செக் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செக் திரும்பியதைச் சொல்லும் வங்கி மெமோ மார்ச் 5 அன்று கிடைத்தால் ஏப்ரல் 4க்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் ஏப்ரல் 8 அன்று எதிரிக்குச் சேர்ந்தால், பணம் கொடுக்க அவருக்குள்ள 15 நாள் ஏப்ரல் 23 அன்று முடிகிறது, 24 அன்று வழக்குமூலம் (வழக்குப் போடும் உரிமை) எழுகிறது, புகாருக்குக் கடைசி நாள் மே 24. நோட்டீஸுக்கு 30 நாள், புகாருக்கு ஒரு மாதம், இரண்டும் ஒன்றல்ல. இந்தக் கட்டத்தில் வழக்கே இல்லை, சி.என்.ஆர். எண்ணும் இல்லை. செயலிக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது. டைரியில் சிவப்பு மையில் இரண்டு இடத்தில் எழுதுங்கள்: கடைசி நாளில் ஒன்று, அதற்குப் பத்து நாள் முன்னால் ஒன்று. அஞ்சல் ஒப்புகை அட்டை வரும் வரை காத்திருக்காமல், சேர்ந்த தேதியை அஞ்சல் துறை இணையதளத்தில் பார்த்து அன்றே குறித்துவிட வேண்டும்.

அப்பீலில் இன்னும் கவனம் தேவை. முன்சீப் கோர்ட் தீர்ப்புக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் 90 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் எடுக்கத் தேவைப்பட்ட காலத்தைக் கெடுவிலிருந்து கழிப்பார்கள், ஆனால் நாம் சும்மா விட்ட காலத்தைக் கழிக்க மாட்டார்கள். நகலில் மனுப் போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, தயாரான தேதி, வாங்கிய தேதி எல்லாம் இருக்கும். கட்டணம் கேட்டதற்கும் கட்டியதற்கும் இடையில் நாமாகக் கடத்திய நாட்களும், தயாரானதற்கும் வாங்கியதற்கும் இடையிலான நாட்களும் நம் தலையில்தான் விழும். தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனுவைப் போட்டுவிடுங்கள். செயலியில் இறக்கிய தீர்ப்பு படித்துப் பார்க்க உதவும். சான்றிட்ட நகலுக்கு அது ஈடாகாது.

வழக்கு முடிந்ததும் செயலிப் பட்டியலைச் சுத்தம் செய்ய எல்லோருக்கும் கை பரபரக்கும். நீக்குவதற்கு முன் ஒரு நிரந்தரப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வருடா வருடம் மாறும் டைரியில் வேண்டாம். பொதுவாகத் தீர்ப்பாணையை (டிகிரி) நிறைவேற்றக் கெடு 12 வருடம். ஒன்றைச் செய்யும்படி எதிர்த்தரப்புக்கு உத்தரவிடும் செயலுறுத்துக் கட்டளைத் தீர்ப்பாணைக்கு 3 வருடம்தான். 12 என்றே நினைத்துக் கட்டை மேல் அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டால், அடைத்த பாதையைத் திறந்துவிடச் சொல்லி ஜெயித்த கட்சிக்காரர் நான்காம் வருடம் வந்து நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.