வில்லெம்ஸ்டட் போறீங்களா, டூர் பஸ் வேணாம், நடந்து பாருங்க

ஒல்லாந்துல இருக்கிற அக்கா குடும்பத்தோட கரீபியன் பக்கம் குராசோ தீவுக்குப் போய்ட்டு வந்தன், அதுட தலைநகரம்தான் வில்லெம்ஸ்டட். நம்மட மட்டக்களப்பு ஆக்கள் ஆரும் போறதெண்டா டூர் பஸ்ஸுக்குக் காசு கட்டாதீங்க. நாங்க முதல் நாள் கட்டினம், கறுப்புக் கண்ணாடியால அந்த மஞ்சள், நீலம், றோஸ் கட்டடமெல்லாம் ஒரே மங்கல், 56 மீற்றர் உயரத்துல போற யூலியானா பாலத்தால ஏத்தி மற்றக் கரையில விட்டுட்டாங்க, கீழ கிடந்த மிதக்கிற பாலத்தை விரலால காட்டினதோட சரி.

அடுத்த நாள் அந்தப் பாலத்துக்கு நடந்து போனம். எம்மா ராணிப் பாலம், 1888இல வந்தது, மிதவைக்கு மேல பலகை. கப்பல் வந்தா மணி அடிச்சு கேட்டைப் பூட்டிட்டு, நுனியில இருக்கிற எஞ்சின் தள்ளத் தள்ள முழுப் பாலமும் கதவு திறக்கிற மாதிரி ஒரு கரைக்கு ஒதுங்குது. நாங்க நடுவுல நிக்கேக்க மணி அடிச்சிட்டு, காலுக்குக் கீழ பலகை நடுங்குது, அக்காட சின்னவள் என்ட கையை இறுக்கிப் பிடிச்சு "மாமா, றோட்டு போகுது" எண்டாள். கல்லடிப் பாலத்துல வளந்த எனக்கே அது புதினம்தான். பாலம் ஒதுங்கேக்க செம்மஞ்சள் கொடி எண்டா கொஞ்சம் நில்லுங்க, நீலக் கொடி எண்டா நேரமெடுக்கும், அக்கரைக்குப் போற படகுல (ferry) ஏறுங்க, காசில்லை. முந்தி செருப்புப் போட்டவங்களுக்கு மட்டும்தான் பாலத்துல காசாம், வெறுங்காலுக்குச் சும்மாவாம்.

மறுகா கோட்டை. ஒல்லாந்தர் இந்தத் தீவைப் பிடிச்சது 1634, நம்மட மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கீசரிட்ட இருந்து பிடிச்சது 1638. நம்மட கோட்டைக்குள்ள கச்சேரி, அதான் மாவட்ட அரச ஒபிஸ், இருந்த மாதிரி அங்கயும் உள்ளுக்க கவர்ன்மென்ட் ஒபிஸ்தான், சுவரைத் தொட்டுப் பாத்துக்கொண்டு கனநேரம் நிண்டன். ஆனா இந்த வடிவான ஊரை அடிமை வியாபாரக் காசும் சேர்ந்துதான் கட்டினது, 1795இல துலா எண்டவர் தலைமையில அடிமையள் கிளம்பினதைப் பஸ்ஸுல ஒரு சொல்லும் சொல்லல்ல, எனக்கு அது பெரிய மனவருத்தம்.

சாப்பாட்டுக்கு பிளாசா பியூ, பழைய மார்க்கட். பெரிய சட்டியில ஆட்டிறைச்சி, சோளமாக் களி, வழுவழு எண்டு வெண்டிக்காய் சூப், அக்கா ரெண்டு கோப்பை குடிச்சா. மத்தியானம் மட்டும்தான், வெள்ளனப் போங்க.