பழைய சோறா, கவுனியா, சுண்டலா: பியூட்டிரேட் கணக்கு

சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சுவதைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்குப் பிரதான எரிபொருள் பியூட்டிரேட்தான். செட்டிநாட்டு அடுக்களையில் அதை உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்குத் தீனி போடுபவை மூன்று.

பழைய சோற்றுக்குத்தான் பேர் அதிகம். வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் இறுகி, செரிமான நொதிக்குப் பிடிகொடுக்காமல் போகிறது. 2015-இல் வெளியான இந்தோனேசிய ஆய்வொன்றில், 100 கிராம் சுடுசோற்றில் 0.64 கிராமாக இருந்த அந்த மாவுச்சத்து, அறை வெப்பத்தில் 10 மணி நேரம் ஆறியதும் 1.30 கிராம் ஆனது. இரட்டிப்புதான், ஆனால் மொத்தமே ஒன்றேகால் கிராம் சொச்சம். வாட்ஸ்அப்பில் 'அமிர்தம்' என்று சுற்றுகிற அளவுக்கு இல்லை. நீராகாரத்தின் லாக்டிக் அமில பாக்டீரியா தனிக் கணக்கு.

இதில் வில்லங்கம், சுடச்சுட ஹாட்பேக்கில் மூடி வைப்பது. வேகும்போதும் சாகாத, பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். அது சுரக்கும் வாந்தி நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, சீக்கிரம் ஆற்றி, மேலே இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி மண்சட்டியில் ஊற்றி வையுங்கள். சித்திரை வெக்கையில் 8 மணி நேரம் போதும்.

கவுனி என்னும் கறுப்பு அரிசியின் பலம் தவிடு. அதன் கறுப்புக்குக் காரணமான ஆந்தோசயனினை நுண்ணுயிரிகள் புரோட்டோகேட்டிக்யூயிக் அமிலம் போன்ற சிறு சேர்மங்களாக உடைக்கின்றன. நிறம் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் முதலில் அலசிவிட்டு, இரவு ஊறிய தண்ணீரிலேயே வேகவிடுங்கள். குழைந்தபின் சர்க்கரை, முன்பே போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும். ஒட்டும் அரிசி என்பதால், ஆறும்போது எளிதில் இறுகும் அமைலோஸ் என்னும் மாவுச்சத்து குறைவு, ஆறவைத்து லாபமில்லை. ஒரு கப் அரிசிக்கு முக்கால் கப் சர்க்கரை கொட்டுவது விருந்துக்குச் சரி, அதை வைத்து ஆரோக்கியம் பேச முடியாது; நீரிழிவுக்காரர்கள் உப்புப் போட்ட கஞ்சியாகக் குடிக்கலாம்.

செட்டிநாட்டு ஆட்டுக்கறிப் பதார்த்தமான உப்புக்கறி இந்தப் போட்டியிலேயே இல்லை. ஆட்டுக்கறியிலுள்ள கார்னிட்டின் என்னும் பொருளிலிருந்து நுண்ணுயிரிகள் டிரைமெத்திலமீன் செய்கின்றன. கல்லீரல் அதை டிஎம்ஏஓ (டிரைமெத்திலமீன் ஆக்சைடு) ஆக்குகிறது. ரத்தத்தில் அது மிகுந்திருப்பதற்கும் மாரடைப்புக்கும் தொடர்பு தென்படுகிறது, காரணம் அதுதானா என்பது இன்னும் விவாதத்தில்.

எங்கள் ஓட்டு கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு. வெந்த கடலை 100 கிராமில் நார்ச்சத்து மட்டுமே 7 கிராமுக்கு மேல். பழக்கமில்லாதவர் முதல் வாரம் கால் கப்போடு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். கவுனிக்கு நேர்மாறாக, கடலை ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயுவைக் கிளப்பும் ராஃபினோஸ் என்னும் சர்க்கரை கொஞ்சம் அதோடு போய்விடும்.