ப்ரெட்னிசோலோன் மாத்திரை: டிபி ஐரிஸில் எந்த அளவு கைகொடுக்கிறது?

ப்ரெட்னிசோலோன் பழைய ஸ்டீராய்டு. வைசோலோன், ஓம்னாகார்டில் என்ற பெயர்களில் 5, 10, 20 மி.கி. மாத்திரைகளாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. எச்ஐவியும் காசநோயும் சேர்ந்து உள்ளவர்களுக்கு ஏஆர்டி (எச்ஐவியை அடக்கும் மருந்துகள்) தொடங்கியபின், திரும்பி வரும் எதிர்ப்பு சக்தியால் ஏற்படும் அழற்சியான ‘ஐரிஸ்’ சிக்கலில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

சிடி4 (எதிர்ப்பு சக்தி தரும் வெள்ளணுக்கள்) எண்ணிக்கை 50-க்குக் கீழே போனவருக்கு டிபி கிருமியை எதிர்க்க உடம்பில் ஆளில்லை. டிபி மாத்திரையில் காய்ச்சல் தணிந்து, சாப்பாடு இறங்கத் தொடங்கியிருக்கும். ஏஆர்டி ஆரம்பித்த சில வாரங்களில், பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள், திரும்பி வரும் எதிர்ப்பு சக்தி மிச்சமிருக்கும் கிருமிகள் மீதும் செத்த கிருமிகளின் துணுக்குகள் மீதும் ஒரேயடியாகப் பாய்கிறது. மறுபடி காய்ச்சல் வரும், கழுத்தில் நெறிக்கட்டி வீங்கிப் பழுக்கும், எக்ஸ்ரே முன்பைவிட மோசமாகத் தெரியும். “புது மாத்திரை ஒத்துக்கல” என்று பலர் ஏஆர்டியை விடுவது இந்த நேரத்தில்தான். டிபி மருந்து, ஏஆர்டி இரண்டையும் விடாமல் தொடர வேண்டும். அப்படித் தொடர்வதற்கு இந்த மாத்திரை பெரிய துணை.

தென்னாப்பிரிக்காவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஐரிஸ் வந்தவர்களுக்கு ப்ரெட்னிசோனை (உடம்பில் ப்ரெட்னிசோலோனாக மாறும் மருந்து) எடையில் கிலோவுக்கு 1.5 மி.கி. வீதம் இரண்டு வாரம், பிறகு 0.75 மி.கி. வீதம் இரண்டு வாரம் கொடுத்தார்கள். 50 கிலோ எடைக்கு முதலில் தினமும் 75 மி.கி., பிறகு 37.5. ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்கள் குறைந்தன, தொந்தரவுகளும் சீக்கிரம் தணிந்தன. இறப்பு குறைந்ததாகக் காட்டவில்லை. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவும் இல்லை. அளவு ஏன் இவ்வளவு கூடுதல் என்று கேட்பவர்கள் ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தை மறக்கக் கூடாது. அது ஈரலை முடுக்கி ப்ரெட்னிசோலோனை வேகமாக வெளியேற்றிவிடும். அரைகுறை அளவில் கொடுத்துவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்பது அடிக்கடி நடக்கும் தவறு.

வருமுன் தடுக்கவும் இதைப் பயன்படுத்தலாம். 2018-இல் வெளியான கேப்டவுன் ஆய்வில், சிடி4 100-க்கு மேல் போகாத 240 பேரில் பாதிப் பேருக்கு ஏஆர்டியோடு சேர்த்து ப்ரெட்னிசோன் தினமும் 40 மி.கி. 14 நாள், 20 மி.கி. 14 நாள் கொடுத்தார்கள், 20 மி.கி. மாத்திரை என்றால் மொத்தம் 42. மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 46.7 சதவீதம் பேருக்கு ஐரிஸ் வந்தது, ஸ்டீராய்டு பெற்றவர்களில் 32.5 சதவீதம். கடுமையான தொற்றும் கூடவில்லை. எங்கள் பார்வையில், சிடி4 மிகக் குறைந்து, டிபி மருந்து தொடங்கி 30 நாளுக்குள் ஏஆர்டி தொடங்குபவருக்கு இது நியாயமான முடிவு. எல்லோருக்கும் வழக்கமாக எழுதித் தர வேண்டியதில்லை.

தொடங்கும் முன் செய்ய வேண்டியதில் சமரசம் கூடாது. சளியையோ நெறிக்கட்டிச் சீழையோ சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பி ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத டிபி இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஐரிஸ் போலவே காட்சி தருவது அதுதான். அங்கே ஸ்டீராய்டு கொடுத்தால் காய்ச்சல் மறையும், நோய் உள்ளே பரவும். மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். கபோசி சார்கோமா என்ற புற்றுநோய் இருந்தால் இந்த மருந்து வேண்டாம், அது வேகமாக வளரும். சர்க்கரை, பிபி, ஹெபடைட்டிஸ் பி பார்த்துக்கொள்ளுங்கள். வாயில் வெள்ளைப் படலம், அக்கி வந்தால் உடனே சிகிச்சை தேவை.

குறையும் உண்டு. நான்கு வாரத்தில் நிறுத்தியதும் சிலருக்கு வீக்கம் திரும்புகிறது. அவர்களுக்கு முந்தைய அளவுக்கு ஏற்றி, இன்னும் மெதுவாகக் குறைக்க வேண்டியிருக்கும். நெறிக்கட்டி பழுத்துத் தளதளவென்று இருந்தால் மாத்திரையை ஏற்றிப் பயனில்லை. பெரிய ஊசியால் சீழை உறிஞ்சி எடுங்கள், வலி அன்றே குறையும்.