கூரைப் பனி: ரேக்கா, ஏணியா, கூலிக்கு ஆளா?

2015 பிப்ரவரியில் ஒரு காலை, குளியலறையில் எடை பார்க்கும் மெஷினை ஹாலுக்கு எடுத்து வந்து அதன் மேல் வாளி வாளியாகப் பனியை வைத்து நிறுத்துக்கொண்டிருந்தேன். மாசசூசெட்ஸில் வூஸ்டர் பக்கம் வீடு வாங்கிய பிறகு வந்த முதல் குளிர்காலம். ஜனவரி கடைசியில் அடித்த ஒரே புயல் வூஸ்டரில் 34.5 அங்குலம் கொட்டிவிட்டுப் போயிருந்தது. அதற்கப்புறம் வாராவாரம் ஒன்று. பாஸ்டனில் அந்தப் பருவத்தின் மொத்தக் கணக்கு 110.6 அங்குலம், அந்த ஊர்ப் பதிவேட்டில் அதுதான் உச்சம். "மேல இருக்கறதைத் தள்ளணுமா வேண்டாமா, அதை மொதல்ல சொல்லுங்க" என்று மனைவி கேட்டதற்குத்தான் இந்த எடைபோடும் வேலை.

சும்மா விட்டுவிடுவதும் ஒரு வழிதான். பல வருஷங்களில் அதுவே சரியான வழியும்கூட. சரிவான கூரையில் பாதிப் பனி காற்றிலும் வெயிலிலும் தானாகப் போய்விடும். எவ்வளவு உயரம் கிடக்கிறது என்பதை வைத்து மட்டும் பயப்படக் கூடாது, எடைதான் கணக்கு. புதிதாக விழுந்த பொலபொல பனி பத்துப் பன்னிரண்டு அங்குலம் இருந்தால் சதுர அடிக்கு 5 பவுண்டு வரும். நாள்பட்டு இறுகிய பனி மூன்றிலிருந்து ஐந்து அங்குலத்திலேயே அந்த எடைக்கு வந்துவிடும். ஐஸாக உறைந்திருந்தால் ஒரே அங்குலம் போதும். பழுதில்லாத வீட்டுக் கூரை சதுர அடிக்கு 20 பவுண்டு வரை சிரமமில்லாமல் தாங்கும் என்பது இங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. விதிப்படி கட்டிய புது வீடுகள் இன்னும் கூடுதலாகத் தாங்கும். எங்கள் வீடு 1950களில் கட்டியது.

அதனால் பின்கட்டில் யாரும் மிதிக்காத இடத்தில் ஓர் அடி நீளம், ஓர் அடி அகலத்துக்குத் தரை வரை பனியை வெட்டி எடுத்தேன். நாலு வாளி. வாளியின் எடையைக் கழித்தால் 23 பவுண்டு. கூரையில் காற்று கொஞ்சம் வாரிக்கொண்டு போயிருக்கும் என்பதால் மேலே இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்து மழை வந்தால் பனி பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், எடை ஏறும். அந்த வருஷம் சும்மா விடுவது சரிப்படாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மிச்சம் இருந்தவை மூன்று: தரையில் நின்றபடி ரேக்கால் இழுப்பது, ஏணி போட்டு ஏறி ஷவலால் தள்ளுவது, காசு கொடுத்து ஆள் வைப்பது.

ரூஃப் ரேக் என்பது பெயருக்குத்தான் ரேக், பல் கிடையாது. இரண்டடி அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு, அதற்குத் துண்டு துண்டாகச் செருகி நீட்டும் கம்பு. முழுசாக நீட்டினால் 20 அடி சொச்சம் வரும். தகட்டுக்கு அடியில் சின்னச் சக்கரம் வைத்ததைப் பார்த்து வாங்க வேண்டும்; இல்லையென்றால் கூரை மேல் ஓடு மாதிரி பதித்த, குளிரில் விறைத்துக் கிடக்கும் ஷிங்கிளைத் தகடு சுரண்டி எடுத்துவிடும். கூரை முழுவதையும் சுத்தமாக வழிக்க வேண்டியதில்லை. இரண்டு அங்குலம் மேலே தங்கினால் நல்லதுதான்.

முதலில் நான் செய்த தப்பு, ஆசைப்பட்டு ஆழமாகக் கொத்தியது. இரண்டடி அகலம், மூன்றடி நீளம், இரண்டடி ஆழம் என்றால் 12 கன அடி. இறுகின பனியில் அது 80 கிலோவுக்கு மேல், ஒரே மொத்தையாக வரும். வந்தது. நேராகக் கீழே நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றிருந்ததால் இடுப்பு வரை மட்டும் புதைந்தேன். இறவாரத்திலிருந்து ஆரம்பித்து, மேலாக அரையடி அரையடியாகச் சீவி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் இழுப்பது, குறுக்கே இழுக்கக் கூடாது. வீட்டுக்குள் வரும் மின்கம்பி இருக்கும் பக்கம் பத்தடிக்குள் போகவே கூடாது, கையில் பிடித்திருப்பது 20 அடி அலுமினியம்.

தகட்டுக்குப் பதிலாக ஒரு சட்டமும், அதிலிருந்து வால் மாதிரி தொங்கும் வழுக்குப் பிளாஸ்டிக் துணியுமாக இன்னொரு வகை உண்டு. பனிக்கு அடியில் தள்ளினால் மேலே உள்ளது துண்டாகி, துணி மேல் சறுக்கி இறங்கிவிடும். புதுப் பனிக்கு இதைவிடச் சுகமான கருவி கிடையாது, தோள் வலியே இருக்காது. ஆனால் பனி ஒருமுறை இளகி மறுபடி இறுகியிருந்தால் சட்டம் உள்ளேயே நுழையாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் தகடு வைத்ததையே வாங்குவேன்.

ரேக்கின் உண்மையான குறை எட்டாதது. ஒரே தளம் உள்ள வீட்டுக்கு இது போதும். இரண்டு தளம் என்றால் இறவாரமே 18, 20 அடி உயரத்தில் இருக்கும். கம்பு அதன் விளிம்பைத் தொடுவதற்குள் வில்லாக வளையும்.

இதைச் சொன்னதும் என் நண்பன், "மச்சான், நம்ம ஊர்ல மழைக்கு முன்னாடி ஓட்டு மேல ஏறி ஓடு மாத்தினவன்டா நான், இதெல்லாம் ஒரு உயரமா?" என்றான். ஓட்டுக்கூரையில் கால் வைக்க ஓர் இடமாவது தெரியும். பனிக்கூரையில் எதுவும் தெரியாது. புகைப்போக்கிக் குழாய், ஸ்கைலைட் கண்ணாடி எல்லாம் ஒரே வெள்ளைப் பரப்புக்கு அடியில். ஏணியின் கால் நிற்பதும் ஐஸ் மேல்தான், நம் பூட்ஸிலிருந்து உதிரும் பனி ஏணிப் படியிலும் உறையும். அவன் ஏறியது முன்வாசல் போர்ச்சின் தாழ்ந்த கூரைதான். மூன்றாவது தள்ளலில் அவன் நின்றிருந்த பனிப்பலகை அப்படியே நழுவி, அவனையும் கூட்டிக்கொண்டு இறங்கியது. கீழே பனி மெத்தை இருந்ததால் மணிக்கட்டோடு போயிற்று.

ஜப்பானில் கடலோர மேற்குப் பகுதிகளில் இது வருஷாவருஷம் செய்யும் வேலை, 'யுகிஒரோஷி' என்று தனிப் பெயரே உண்டு. தலைமுறை தலைமுறையாகச் செய்துவருபவர்களே விழுகிறார்கள். 2005-06 குளிர்காலத்தில் அங்கே பனியால் இறந்தவர்கள் 152 பேர்; பெரும்பாலோர் பனி அள்ளும் வேலையில் இறந்தவர்கள், அதிலும் வயதானவர்கள்தான் அதிகம். ஹெல்மெட், இடுப்புக் கயிறு, கூட இன்னொரு ஆள் இல்லாமல் ஏறாதே என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வெயிலடித்து இதமாக இருக்கும் நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்பார்கள், பனியின் அடிப்பக்கம் இளகி வழுக்கத் தயாராக இருப்பது அப்போதுதான். முகட்டில் கொக்கி அடித்துக் கயிறு கட்டிக்கொள்ளும் வசதி இல்லாதவர்களுக்கு, அதாவது நம்மில் கிட்டத்தட்ட எல்லோருக்கும், இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

ஆள் வைப்பது சரியான முடிவாகும் இடங்கள் உண்டு. தட்டைக் கூரை, இரண்டு தள வீடு, உயரமான கூரைக்குக் கீழே ஒட்டிக் கட்டிய தாழ்ந்த கூரை. இந்தக் கடைசி இடத்தை யாரும் கவனிப்பதில்லை. மேல் கூரையிலிருந்து சறுக்கியதும் காற்று அடித்துக் குவித்ததும் சேர்ந்து, வீட்டிலேயே அதிக எடை அங்கேதான் ஏறும். ஆனால் பனிக்காலம் உச்சத்தில் இருக்கும்போது ஷவல் வைத்திருக்கிறவன் எல்லாம் காண்ட்ராக்டர். எங்கள் தெருவுக்கு லாரியில் வந்த ஒரு கோஷ்டி, பக்கத்து வீட்டில் இரும்பு ஷவலால் சுரண்டி, வசந்தத்தில் பார்த்தால் கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் கட்டர் முழுக்க ஷிங்கிளின் கருப்பு மணல். பிளாஸ்டிக் ஷவலா, கூரையின் இரண்டு பக்கத்தையும் சமமாகக் குறைப்பார்களா, வேலையாளுக்குக் காப்பீட்டுச் சான்று உண்டா என்று இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வழித்துவிட்டுப் போனால் கூரையைத் தாங்கும் மரச்சட்டத்தில் எடை ஒருச்சாய்வாக விழும். சான்று இல்லாமல் ஒருவர் விழுந்தால் வழக்கு நம் வாசலுக்கு வரும்.

அந்த வருஷம் பாதி வீடுகளில் பிரச்சினை எடைகூட இல்லை, ஐஸ் அணை. கூரைக்கு அடியில் இருக்கும் பரணில், அதாவது அட்டிக்கில், கசியும் வீட்டுச் சூடு மேல் பனியை உருக்க, அந்தத் தண்ணீர் சூடில்லாத இறவாரத்துக்கு வந்து உறைந்து வரப்பு மாதிரி நிற்கும். பின்னால் தேங்குவது ஷிங்கிளுக்கு அடியில் புகுந்து படுக்கையறைச் சுவரில் வழியும். ரேக்கால் கீழ் மூன்று நாலடியை வழித்து வைத்தாலே பெரும்பாலும் அணை கட்டாது. கட்டிவிட்டால், நைலான் காலுறையில் கால்சியம் குளோரைடு நிரப்பி அணைக்குக் குறுக்கே, நுனி கட்டரைத் தாண்டித் தொங்கும்படி வைப்பது மலிவு வைத்தியம். தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் விழும், அவ்வளவுதான். சமையல் உப்போ கல் உப்போ வேண்டாம், கடுங்குளிரில் வேலை செய்யாது, கீழே செடியையும் கொல்லும். நீராவி வைத்து உருக்கும் கோஷ்டிகள் அந்த வருஷம் மின்னசோட்டாவிலிருந்துகூட வந்தார்கள், மணிக்கு நூற்றுக்கணக்கில் டாலர். சுத்தியலும் ஊதுவிளக்கும் பேச்சுக்கே இல்லை. இறவாரத்தில் வளைத்து வளைத்து ஓட்டும் ஹீட் கேபிள் ஒழுக்கை நிறுத்தும், எடையைக் குறைக்காது, அதையும் பனி விழும் முன்பே போட்டிருக்க வேண்டும். அந்தக் காசில் அட்டிக் ஓட்டைகளை அடைத்து, சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன் போடலாம். நாங்கள் அந்தக் கோடையில் அதைத்தான் செய்தோம்.

ஆக எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி நின்றது: பிரதான கூரைக்கு ரேக், பின்பக்கச் சன்ரூமின் தட்டைக் கூரைக்கு ஆள், ஏணி கராஜிலேயே. ரேக் வாங்கப் போனபோதுதான் சிக்கல். மூன்று ஊர்க் கடைகளிலும் காலி. கடைசியில் எதிர்வீட்டுப் பெரியவர் இரவல் கொடுத்தார், சாயங்காலத்துக்குள் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு.

கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் ரேக்கைப் பார்க்கவில்லை, என் வீட்டுப் பக்கச் சுவரைப் பார்த்தார். "அந்தக் குழாய் எங்கே?" என்றார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் நச்சுப் புகையை வெளியேற்றும் குழாய், சுவர் வழியாக இரண்டடி உயரத்தில் வெளியே வருவது. நான் இழுத்துப் போட்ட பனி அதற்கு மேல் நாலடி நின்றது. உள்ளே ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஷவலை எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினோம்.