மட்டன் ஸ்ட்ரீட்டில் ஜப்பான் பீங்கான் வாங்க ஒரு நல்ல கடை

மும்பை சோர் பஜாரில் பழைய பீங்கான் விற்கும் கடைகளில் நான் நம்பிப் போவது ஒன்றுக்குத்தான். மட்டன் ஸ்ட்ரீட்டில் இருக்கும் குறுகலான கடை, பெயர்ப்பலகை கிடையாது. ஜப்பானில் ஏற்றுமதிக்கென்றே செய்த தட்டு, கோப்பை, ஜாடி எல்லாம் உள் அலமாரியில் இருக்கும், கேட்டால்தான் கடைக்காரர் சாச்சா எடுப்பார்.

செம்பூரில் டென்டல் லேபில் செராமிக் பல் செய்வது என் தொழில். நாள் முழுக்கக் கையில் பீங்கான்தான், அதனால் ஒட்டு வேலை சட்டென்று கண்ணில் படும். இந்தக் கடையில் நான் தேடுவதற்கு முன்பே சாச்சா காட்டிவிடுகிறார். "இதர் தேகோ, அண்ணா" (இங்கே பாருங்கள்) என்று விளிம்பில் ஒட்டிய இடத்தில் விரலை வைப்பார். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போகலாம், தட்டிப் பார்க்கலாம், யூவி டார்ச் அடித்தாலும் முகம் சுளிக்க மாட்டார். புதுப் பசையும் பூச்சும் அந்த வெளிச்சத்தில் பெரும்பாலும் தனியாகத் தெரிந்துவிடும்.

போன முறை ஒரு இமாரி தட்டு எடுத்தேன். 4,500 சொன்னார், 3,200க்கு முடிந்தது. ஜப்பானில் அரிட்டா என்ற ஊரில் செய்து இமாரி துறைமுகம் வழியாக அனுப்பியதால் வந்த பெயர் அது. நீலத்தை முதலில் தீட்டி, மேலே கிளேஸ் (கண்ணாடி போன்ற பூச்சு) பூசி, கடும் சூட்டில் சுடுவார்கள். சிவப்பும் தங்கமும் அதற்கு மேல் ஏறுபவை, குறைந்த சூட்டில் மறுபடி சுட்டவை. அதனால்தான் நீலம் அப்படியே இருக்க, தங்கம் தேய்கிறது. இந்தத் தட்டில் கை படும் இடங்களில் மட்டும் தங்கம் போயிருக்கிறது. அடியில், சூளையில் முட்டுக் கொடுத்த சின்னப் புள்ளித் தழும்புகளும் உண்டு. பழசு என்று நம்ப எனக்கு அது போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சாச்சா சொல்வதை ஏற்க மாட்டேன். அடியில் முத்திரை இல்லையென்றால் நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்பார். செய்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்பது 1891 முதல் அமெரிக்காவுக்குப் போன சரக்குக்கான சட்டம். 1921 வரை ஜப்பானின் ஜப்பானியப் பெயரான 'நிப்பான்' என்று போட்டார்கள், பிறகு 'ஜப்பான்'. பம்பாய்க்கு வந்த சரக்கை அது கட்டுப்படுத்தாது. இங்கே நேரடியாகவே சரக்கு வர வழி இருந்தது: பம்பாய்க்கும் ஜப்பானின் கோபே துறைமுகத்துக்கும் இடையே டாடாவும் ஜப்பானியக் கம்பெனியும் சேர்ந்து 1893லேயே கப்பல் விட்டிருக்கிறார்கள். முத்திரை இல்லாததை மட்டும் வைத்து விலை கொடுக்காதீர்கள். 'நிப்பான்' முத்திரையிலும் போலிகள் நிறைய.

புதிதாகச் சேர்ப்பவர்கள் முட்டை ஓடு போல மெல்லிய டீ கோப்பைகளைக் கேட்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அடியில் ஒரு பெண் முகம் தெரியும். மெல்லிய இடம் ஒளியை விடும், தடித்த இடம் நிழலாகும், வேறு சாயம் எதுவும் இல்லை. முன்பல்லின் நுனியில் நாங்கள் கொண்டுவரப் படாத பாடு படும் அதே ஒளி. இவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு, ஆனாலும் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

சட்சுமா என்ற ஜப்பானிய வகை ஜாடிகளையும் இதே அலமாரியில்தான் வைத்திருக்கிறார். அது பீங்கான் இல்லை, மண்பாண்ட வகை, ஒளி ஊடுருவாது. பீங்கான் விலை கேட்டால் விட்டுவிடுங்கள்.

பேக்கிங் மோசம். ஒற்றை நியூஸ்பேப்பரில் சுற்றித் தருவார், பபிள் ராப் நீங்களே கொண்டு போங்கள். ஹார்பர் லைனில் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு இறங்கினால் நடக்கும் தூரம்தான். வெள்ளிக்கிழமை கடை இல்லை.