கான்கிரீட்டா, முழுக்கண்ணாடியா, அக்ரிலிக்கா? வீட்டில் பெரிய மீன்தொட்டி கட்டப் போகிறவர்களுக்கு

ஆயிரம் லிட்டருக்குள் அடங்கும் தொட்டி போதும் என்றால் யோசிக்கவே வேண்டாம், கண்ணாடித் தொட்டி வாங்கிவிடுங்கள். நான் பேசப்போவது நாலாயிரம் லிட்டரும் அதற்கு மேலும். ஆஸ்கர் மீன்கள் கூட்டமாக நீந்த வேண்டும், சில்வர் டாலர் மீன்கள் திரும்பி வர இடம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கான அளவு அது. (ரெட் டெயில் கேட்ஃபிஷ் ஆசை இருந்தால் இதுவும் பத்தாது. அது ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் மீன்.)

நான் தேர்ந்தெடுத்தது கான்கிரீட். மூன்று பக்கமும் தரையும் கான்கிரீட், முகப்பில் மட்டும் கண்ணாடி ஜன்னல். ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எடை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 4,320 லிட்டர், அதாவது நீர் மட்டுமே நாலே கால் டன்னுக்கு மேல். ஒரு சதுர மீட்டருக்கு 1,200 கிலோ. வீட்டு மாடித்தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பளுவுக்குத்தான் வழக்கமாகக் கணக்குப் போட்டுக் கட்டுவார்கள். கான்கிரீட் சுவர் 15 சென்டிமீட்டர் என்றால் நீரின் எடைக்கு ஏறக்குறைய சமமாகத் தொட்டியின் எடையும் சேரும். எனவே தரைத்தளம், அதுவும் தனி அஸ்திவாரம். எந்தப் பொருளில் செய்தாலும் இந்த அளவுக்கு மாடி சரிப்படாது.

ப்ளைவுட் தொட்டி: உள்ளே எபாக்சியோ (இறுகி நீர் புகாத படலமாகும் பிசின்) ஃபைபர் கிளாஸோ பூசி, முன்னால் கண்ணாடி வைப்பது. லேசானது, செலவும் குறைவு, தச்சு வேலை தெரிந்தவர் தாமே செய்துகொள்ளலாம். பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் பலகை உள்ளுக்குள் ஊறி உப்பும், வெளியே தெரிவதற்குள் பாதி போயிருக்கும். இன்னொரு வீட்டுக்கு மாறும் எண்ணம் உள்ளவர்களுக்குப் பொருந்தும். எனக்கு இல்லை.

அக்ரிலிக், அதாவது கண்ணாடி போலத் தெளிவான கெட்டிப் பிளாஸ்டிக், பார்க்க அழகு என்பதில் சந்தேகமே கிடையாது. கண்ணாடியின் எடையில் பாதிகூட இல்லை. தடிமன் கூடினாலும் பச்சை நிறம் தட்டாது. உலகின் பெரிய காட்சியகங்கள் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. ஒகினாவாவில் 2002-இல் திறந்த சுராவுமி காட்சியகத்தின் பெரிய ஜன்னல் 8.2 மீட்டர் உயரம், 22.5 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் தடிமன், முழுக்க அக்ரிலிக். ஆனால் அங்கும் தொட்டியின் உடம்பு கான்கிரீட்தான், அக்ரிலிக் வெறும் ஜன்னல். பெர்லின் ஹோட்டல் ஒன்றில் இருந்த அக்வாடோம் முழு அக்ரிலிக் உருளை. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் அது வெடித்துச் சுமார் 10 லட்சம் லிட்டர் நீர் வெளியே பாய்ந்தது. இதை வைத்து அக்ரிலிக்கே ஆகாது என்று சொல்ல மாட்டேன். வீட்டளவில் எனக்கு உறுத்திய விஷயங்கள் வேறு. பாசி சுரண்டும்போது ஒரு மணல் துகள் மாட்டினாலும் கீறல் விழும். மெருகேற்றி எடுக்கலாம்தான், ஆனால் அது மணிக்கணக்கில் பிடிக்கும் வேலை. அடுத்தது வெப்பம். பத்து டிகிரி மாறினால் 3 மீட்டர் அக்ரிலிக் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடியோ கால் மில்லிமீட்டர்தான், கான்கிரீட்டும் ஏறக்குறைய அதே அளவுதான். போதாததற்குக் கண்ணாடி ஒட்டப் பயன்படும் ரப்பர் போன்ற சிலிக்கான் பசை அக்ரிலிக்கைச் சரியாகப் பிடிக்காது. நான் அக்ரிலிக் தொட்டியைச் சொந்தமாக வைத்துப் பராமரித்ததில்லை. இதில் என் பேச்சுக்கு அந்த அளவு மதிப்புக் கொடுத்தால் போதும்.

மிச்சம் இருப்பது முழுக்கண்ணாடியும் கான்கிரீட்டும். இரண்டையும் பிரிப்பது ஒரே கேள்விதான்: எட்டு, பத்து வருடம் கழித்து ஒரு மூலையில் நீர் கசிந்தால் என்ன செய்வீர்கள்?

முழுக்கண்ணாடித் தொட்டியில் நீர் முகப்பை வெளியே தள்ளுகிறது. மேலே சொன்ன அளவுக்கு அந்தத் தள்ளல் சுமார் 2 டன். அதைப் பிடித்து நிறுத்துவது மூலைகளில் இருக்கும் சிலிக்கான். அங்கே சிலிக்கான் வெறும் அடைப்பு இல்லை, தொட்டியையே கட்டி நிறுத்தும் பசை. ராத்திரி பகலாக இழுபட்டுக்கொண்டே இருக்கும். அது தளர்ந்தால் உள் ஓரத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்துச் சமாளிக்க முடியாது, ஏனென்றால் ஆறிப்போன பழைய சிலிக்கான்மேல் புதியது ஒட்டாது. முறையாகச் செய்வதென்றால் பலகைகளைப் பிரித்து, சுரண்டித் துடைத்து, மறுபடி ஒட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள கண்ணாடியை வரவேற்பறையில் வைத்துப் பிரிப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

கான்கிரீட் தொட்டியில் கதையே தலைகீழ். ஜன்னல் கண்ணாடியை உள்பக்கமிருந்து, திறப்பைச் சுற்றிச் சுவரில் படி போல வெட்டிவிட்ட விளிம்பில் (இனி இதைத்தான் படிக்கட்டு என்கிறேன்) உட்கார வைக்கிறோம். 2.4 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் உள்ள ஜன்னல், அதன் மையம் நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே என்றால், 1,400 கிலோவுக்கு மேற்பட்ட விசை அதைப் படிக்கட்டோடு அழுத்திக்கொண்டே இருக்கும். நீரே ஜன்னலைப் பூட்டிவிடுகிறது. சிலிக்கான் இழுபடுவதில்லை, நசுங்குகிறது. குக்கர் மூடியின் ரப்பர் வளையம் போல. கசிந்தால் நீரை இறக்கி, பழையதை அறுத்து, அந்த ஒரு கண்ணாடியை மட்டும் எடுத்து மறுபடி பொருத்தினால் போதும். சுவரும் தரையும் இருந்த இடத்திலேயே இருக்கும். கான்கிரீட்டின் உள்பக்கம் பூசும் எபாக்சி பூச்சு எங்காவது உரிந்தால் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டுப் பூசலாம். என்னை இந்தப் பக்கம் இழுத்தது இதுதான்.

இதற்கு விலையாகப் படிக்கட்டு தட்டையாக இருக்க வேண்டும். சென்ட்ரிங் பிரித்த கையோடு எந்தப் படிக்கட்டும் தட்டையாக இருக்காது, மேஸ்திரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும். நீளமான அலுமினிய சட்டத்தை அதன்மேல் நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பள்ளம். மேட்டை கிரைண்டரால் தேய்த்து, பள்ளத்தை எபாக்சி பட்டியால் நிரப்பி, வெளிச்சம் மறையும் வரை இதையே செய்ய வேண்டும். சலிப்பான வேலை. இங்கே சோம்பல்பட்டால் கண்ணாடி ஒரு மேட்டின்மேல் உட்காரும், நீர் அழுத்தும்போது அந்தப் புள்ளியில்தான் விரிசல் தொடங்கும்.

சிலிக்கான் தேர்விலும் கவனம் வேண்டும். கண்ணாடித் தொட்டிக்குப் பயன்படுவது பெரும்பாலும் வினிகர் வாடை அடிக்கும் ரகம். அதிலிருந்து வரும் அமிலம் சிமென்ட்டின் சுண்ணாம்போடு வினைபுரிந்து பிடிப்பைக் கெடுக்கும். கான்கிரீட் பக்கத்துக்கு வாடையில்லாத நியூட்ரல் ரகம், அதுவும் பூஞ்சைக்கொல்லி கலக்காதது. எபாக்சி பூசிய ஒரு கான்கிரீட் துண்டில் சிறு கண்ணாடியை ஒட்டி, நீரில் ஊறப்போட்டு, பிறகு பிய்த்துப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. அகலமான சிலிக்கான் படுகை ஓரத்திலிருந்துதான் காயும். முதல் நாளில் 2, 3 மில்லிமீட்டர், பிறகு இன்னும் மெதுவாக. அவசரப்பட்டு நீர் நிரப்பாதீர்கள்.

ஜன்னலுக்கு லேமினேட்டட் கண்ணாடிதான் (நடுவே ஒரு படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி) என் விருப்பம். டெம்பர்டு, அதாவது சூடாக்கி வலுவூட்டிய கண்ணாடி, உடைந்தால் ஒரே நொடியில் மொத்தமும் நொறுங்கிவிடும். லேமினேட்டட் விரிசல் விட்டாலும் நின்று அவகாசம் தரும். அதன் விளிம்பு மட்டும் நீரில் நனையாமல் சிலிக்கானுக்குள் புதைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுப்படலம் ஓரத்தில் வெளுக்கும்.

கான்கிரீட்டின் சுண்ணாம்பு நீரில் கலந்துவிடுமே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, நியாயமானதும்கூட. புது கான்கிரீட்டின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 12-க்கு மேல், மீன் தாங்காது. பூச்சு போட்டால் அது அடங்கிவிடும். ஆனால் ஈரத்தின்மேல் பூசினால் கொப்புளம் வரும். 28 நாள் க்யூரிங் (ஈரமாக வைத்து இறுக விடுவது) முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு, 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. பூச்சு குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். என் பூச்சு இதுவரை உரியவில்லை என்றாலும் இருபது வருடம் தாங்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு என் தொட்டிக்கு வயதாகவில்லை.

கடல் மீன் பிரியர்கள் கொஞ்சம் நிதானிக்கவும். உப்பு நீர் பூச்சைத் தாண்டி உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டையே பிளக்கும். நான் வைத்திருப்பது நன்னீர்த் தொட்டி மட்டும். உப்பு என்றால் கம்பிக்குப் பதில் ஃபைபர் கம்பிகள் பற்றி ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் பேசிவிட்டு இறங்குங்கள்.

மறுவிற்பனை? கண்ணாடித் தொட்டியை யாராவது வாங்கிப் போவார்கள். கான்கிரீட்டை உடைக்கத்தான் முடியும்.

கடைசியாக பைப். ஓவர்ஃப்ளோ, அடி வடிகால், சம்ப்பிலிருந்து (வடிகட்டி இருக்கும் துணைத் தொட்டி) திரும்பும் குழாய் எல்லாமே கான்கிரீட் போடும் முன்பே, விளிம்புத் தகடு வைத்த துண்டுகளாகக் கம்பிக் கூட்டுக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். தேவையே இல்லை என்று தோன்றினாலும் அதிகப்படியாக இரண்டு வைத்து மூடி போட்டுவிடுங்கள். பிற்பாடு சுவரைத் துளைத்தால் கம்பியும் அறுபடும், பூச்சும் போகும்.