போர்டிகோவில் இரண்டு வண்டிகள்: இம்பல்ஸா, பழைய ஹிமாலயனா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் போர்டிகோ கார் நிறுத்தக் கட்டியது. கார் வரவேயில்லை, இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. ஒன்று 2012-இல் பதிவான ஹீரோ இம்பல்ஸ், அக்கா மகனுடையது. மற்றது 2018 தொடக்கத்தில் நான் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 411 சிசி, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) வருவதற்கு முந்தைய வண்டி. இரண்டுமே இப்போது தயாரிப்பில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமனும் மருமகனுமாக இவற்றைப் பிரித்து மாட்டுகிறோம். மண்பாதையிலும் ஓடக்கூடிய பழைய அட்வெஞ்சர் வண்டி வாங்கி வீட்டிலேயே வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள், உதிரிபாகக் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

மலையில் இம்பல்ஸுக்குப் போட்டியே இல்லை. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கினால் 134 கிலோ எடையுள்ள இம்பல்ஸ் வெள்ளாட்டுக் குட்டிபோலத் துள்ளும். அதன் அடிவயிறு தரையிலிருந்து 245 மில்லிமீட்டர் உயரம்; ஹிமாலயனுக்கு 220. ஹிமாலயன் 190 கிலோவை ஒட்டிய எருமை, கீழே விழுந்தால் எழுப்ப இன்னொரு ஆள் வேண்டும். ஆனால் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் அந்த எருமை அலுக்காமல் நடைபோடும். சுமார் 13 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு இம்பல்ஸ் கண்டெய்னர் லாரி கிளப்பும் காற்றில் தள்ளாடும். இது ஓட்டுகிறவனின் கணக்கு. ஸ்பேனர் பிடிக்கிறவனின் கணக்கு வேறு.

இம்பல்ஸின் 149.2 சிசி எஞ்சின், ஹங்க், சிபிஇசட் எக்ஸ்ட்ரீம் வண்டிகளில் இருந்த எஞ்சினின் உடன்பிறப்பு. கடையில் "இம்பல்ஸுக்கு கிளட்ச் பிளேட்" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். "ஹங்க் கிளட்ச் பிளேட்" என்றால் எடுத்து மேசைமேல் போடுவார்கள். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கினால் ஏமாற வழியில்லை. எஞ்சினை விட்டு வெளியே வந்தவுடன்தான் தலைவலி. முன் மட்கார்டு, டேங்கின் பக்கப் பிளாஸ்டிக், பின்புற மோனோஷாக் (ஒற்றை அதிர்வுதாங்கி) எல்லாம் அந்த வண்டிக்கென்றே செய்தவை. வேறெதிலிருந்தும் கழற்றிப் போட முடியாது.

போன ஆடியில் மருமகன் வண்டியோடு சரிந்ததில் ஹெட்லைட் மூடியில் விரல் நீள விரிசல். காட்பாடி முதல் ஆற்காடு வரை கடைகடையாக ஏறி இறங்கினோம்; ஒன்றும் தேறவில்லை. கடைசியில் விரிசல் மேற்கொண்டு ஓடாதபடி அதன் முனையில் ஒரு சிறு துளை போட்டான். பிறகு இரு கரையிலும் வரிசையாகத் துளையிட்டு, மின்சார ஒயரிலிருந்து உருவிய செம்புக் கம்பியால் தைத்து, உட்புறம் எபாக்சி பூசினான். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ரவிக்கைக்குக் காஜா எடுத்ததுபோல் இருக்கிறது" என்று சொல்லிப் போனாள். தையல் இன்றுவரை பிரியவில்லை. ஆனால் அதற்கு இரண்டு ஞாயிறு போனது.

ஹிமாலயனுக்கு இந்த அலைச்சல் இல்லை. 411 எஞ்சின் வண்டி 2023 வரை விற்பனையில் இருந்தது. அதே நிறுவனத்தின் ஸ்கிராம் 411 வண்டியிலும் அதே எஞ்சின். கண்ணாடி, லீவர், கேபிள், பிரேக் பேட் எல்லாம் சனிக்கிழமை மாலை போனால் கைக்கு வந்துவிடும். விலை இம்பல்ஸைவிடக் கூடுதல்தான். எண்ணெய்கூட ஹிமாலயன் ஏறத்தாழ இரண்டு லிட்டர் குடிக்கும், இம்பல்ஸுக்கு ஒரு லிட்டர் போதும்.

ஹிமாலயனில் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சின் அடியில் ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டில்பாரை இரண்டே விரல்களால் ஓரத்திலிருந்து ஓரம் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் தட்டினால், உள்ளே குண்டுகள் தடத்தில் குழி பறித்துவிட்டன என்று பொருள். என் வண்டியில் அது நேர்ந்ததற்கு நானே காரணம். மலைக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் வாட்டர் சர்வீசுக்கு விட்டு, பீச்சும் தண்ணீரில் கிரீஸ் முழுவதையும் கழுவிக்கொண்டிருந்தேன்.

மாற்றும் வேலை பயமுறுத்தும், ஆனால் செய்யக்கூடியதே. சக்கரம், ஃபோர்க், ஹேண்டில் கழன்றபின், சட்டக் கழுத்துக்குள் நீளமான கம்பியை விட்டு, பழைய வளையத்தை இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று இறக்க வேண்டும். ஒரே பக்கம் தட்டினால் கோணிக்கொண்டு சிக்கிக்கொள்ளும். புது வளையங்களை முந்தின இரவே இட்லி மாவுக்கு மேலே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். குளிரில் ஒரு மயிரிழை சுருங்கும்; அதன்மேல் பழைய வளையத்தை வைத்துத் தட்டினால் நேராக உட்கார்ந்துவிடும். குண்டுக்குப் பதில் உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங் போட்டேன், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். கீழ்த்தண்டில் இறுகியிருந்த வளையத்தை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். இதே வேலை இம்பல்ஸில் பாதி நேரத்தில் முடிந்தது. எடை குறைவு, பிரித்து ஓரம் வைக்க வேண்டிய சாமான்களும் குறைவு.

கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா என்ற வழக்கில், அதாவது எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுவது இம்பல்ஸ்போல் இயந்திர முறையிலா, ஹிமாலயன்போல் மின்னணு முறையிலா என்பதில், என் தீர்ப்பு பாதிப்பாதி. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலோடு இம்பல்ஸை இரண்டு மாதம் நிறுத்திவைத்தால் கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் பிசின்போல் ஏதோ ஒட்டிக்கொள்கிறது, பெட்ரோல் போகும் சிறு துளையான பைலட் ஜெட் அடைத்துவிடுகிறது. கழற்றி, ஒற்றைச் செம்பு இழையால் குத்தி ஊதினால் முக்கால் மணி நேரத்தில் வண்டி பேசும். குண்டூசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். நிறுத்திவைக்கும் முன் கிண்ணத்து வடிகால் திருகைத் திறந்து காலி செய்தால் இந்த வேலையே இல்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியோ நல்ல நாளில் தொடவே வேண்டாம். கெட்ட நாளில் எங்கே தொடுவது என்றே தெரியாது. ஒருமுறை ஹிமாலயன் ஸ்டார்ட் ஆக மறுத்தபோது சென்சார், ரிலே, பம்ப் என்று அரைநாள் துழாவினேன். முந்தின வாரம் நானே இறுக்காமல் விட்ட பேட்டரி முனைத் திருகுதான் காரணம். மருமகன் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

டேப்பட் (வால்வு இடைவெளி) சரிசெய்வது இரண்டிலும் ஒரே மாதிரி: திருகு, பூட்டு நட்டு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. கத்திரி வெயிலில் வேலூரில் எந்த இரும்பு குளிர்ந்திருக்கிறது? விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால்தான் உண்டு. ஹிமாலயனில் டேங்கைக் கழற்றிவிட்டுச் செய்தால் கை தாராளமாக நுழையும்.

டயரில் சிக்கல் இல்லை. ஹிமாலயனின் 21 அங்குல முன்டயர் கேட்ட இடத்தில் கிடைக்கும். இம்பல்ஸின் 90/90-19 பழைய கிளாசிக் 350-இன் முன்டயர் அளவேதான். சாலை டயர் உடனே கிடைக்கும், மண்ணுக்கேற்ற பட்டன் டயருக்குத் தேட வேண்டும். இரண்டுமே டியூப் வண்டிகள். பாலாற்று மணலில் இறங்குகிறவர்கள் சீமைக் கருவேல முள்ளை மறக்க வேண்டாம்.

மாற்றியமைக்கும் ஆசைக்கு வருவோம். இம்பல்ஸ்காரர்களின் கனவு, கரிஸ்மா வண்டியின் 223 சிசி எஞ்சினை அதில் இறக்குவது. இறங்கும், ஓடும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2019 தீர்ப்பும் குறுக்கே நிற்கின்றன. ஆர்சி-யில் ஒரு எஞ்சின் எண், வண்டியில் வேறு எண் என்றால் விபத்துக் காப்பீடு கேட்கும் நாளில் யாரும் கைகொடுக்க மாட்டார்கள். மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நான் இறங்கி வரவில்லை. ஹிமாலயனில் பின் கேரியரும் டேங்கின் இருபுறச் சட்டமும் வாங்கும்போதே இருப்பதால் மாற்ற அதிகமில்லை. பை மட்டும் ஆம்பூரில் தோலில் தைத்தேன். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது. தோல் வேலைக்கு எனக்கு இன்னும் அந்த ஊர்தான். இம்பல்ஸுக்கு அதே பை மாட்ட, வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் சட்டம் அடிக்க வேண்டியிருந்தது.

ஹீரோவின் இன்னொரு அட்வெஞ்சர் வண்டியான எக்ஸ்பல்ஸ் 200-ஐ ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 2019-இல் வந்த வண்டி, இன்னும் பழையது என்று சொல்ல மனம் வரவில்லை.

வீட்டில் ஒரே ஒரு வண்டிதான், திங்கட்கிழமை அதிலேதான் வேலைக்குப் போக வேண்டும் என்றால் ஹிமாலயனை எடுங்கள். இம்பல்ஸ், ஸ்கூட்டர் ஒன்று துணைக்கு இருக்கிறவர்களுக்கான வண்டி. 2027-இல் எங்கள் இம்பல்ஸுக்குப் பதினைந்து ஆண்டு நிறைந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் விளக்கு, பிரேக், பிளாஸ்டிக் எல்லாம் பார்வைக்கு ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

குடியாத்தத்தில் ஓடாத இம்பல்ஸ் ஒன்று விலைக்கு வருகிறதாம். எஞ்சின் இறுகிப்போயிருந்தாலும் ஹெட்லைட் மூடி முழுதாக இருக்கிறது என்று மருமகன் படம் காட்டினான். வரும் ஞாயிறு பார்க்கப் போகிறோம். போர்டிகோவில் மூன்றாவது வண்டிக்கு இடம் இருக்கிறது; அக்காவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.